நீ கேட்கட்டும் என்று போனவள்

என் குஞ்சுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ எங்கள் சமையலறையில் நின்று, நான் துருவி வைத்திருந்த தேங்காய்ப்பூவை விரலால் அள்ளித் தின்றுகொண்டே, கடைக்குப் போய்வரும் கதையைப் போலச் சொன்னாய்: "அம்மா, நான் ரிக்கற் போட்டிட்டன். கொழும்புக்கு. அங்கையிருந்து வவுனியாவுக்கு." நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். பானை நிரம்பி வழிந்ததைக் கவனிக்கவில்லை. பிறகு நீ கேட்டாய்: "அவ என்ன மாதிரி ஆள்?" இத்தனை வருடமாக நீ கேட்காத கேள்வி. நான் அவசரப்பட்டு, "அவ நல்லவ, பிள்ளை" என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லவ எண்டா என்ன அம்மா? அவ ஒரு த்யூவ்தானே" என்றாய். கள்ளி என்று தமிழில் சொல்ல உனக்கு வாய் வரவில்லை, நோர்வேஜியச் சொல்லைத் துணைக்கு எடுத்தாய். அதற்குள் கீழே வந்து நிற்பதாக உன் சிநேகிதி செய்தி அனுப்பினாள். நீ சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.

உன் கேள்விக்கு நேரில் பதில் சொல்ல என்னால் முடியாது. நீ காதால் கேட்பதைவிட முகத்தால் அதிகம் கேட்பவள். என் வாய் ஒன்றைச் சொல்லும்போது முகம் வேறொன்றைச் சொல்லும், நீ முகத்தைத்தான் நம்புவாய். அதனால் எழுதுகிறேன். உன்னைப் பெற்றவள் களவெடுத்தாள், மறியலுக்கு, சிறைக்குப் போனாள், இந்த நாட்டிலிருந்து அனுப்பப்பட்டாள். இவ்வளவும் சின்ன வயதிலிருந்தே உனக்குத் தெரியும். நானும் அப்பாவும் எதையும் மறைக்கவில்லை. ஆனால் இந்த மூன்று வசனங்களுக்குள் ஓர் ஆள் இல்லை. நீ ஓர் ஆளைப் பார்க்கத்தான் போகிறாய்.

சுகந்தியை நான் முதலில் கண்டது ஒஸ்லோவில், குரோருட்டில் எங்கள் குடியிருப்பின் கீழே இருக்கிற பொதுச் சலவை அறையில். என்னுடைய முறை அன்று. நான் உடுப்புக் கூடையோடு போனால், என் மெஷினுக்குள் வேறு யாருடையதோ திரைச்சீலைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் சிவப்பு உதட்டுச்சாயம் பூசிய ஒரு பெண் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறாள். "அக்கா தமிழோ? அப்ப பயமில்லை, ஏச மாட்டியள்" என்றாள். ஏசத்தான் போனேன், சிரித்துவிட்டேன். அவள் அப்படித்தான். முறை என்பது மற்றவர்களுக்கு. கொஞ்சம் பொய்யும் சொல்வாள். விலை கூடிய கோட்டைப் போட்டுக்கொண்டு, மலிவு விற்பனையில் எடுத்தது என்பாள். பனி கொட்டினால், நாங்களெல்லாம் சறுக்கி விழுவோம் என்று வீட்டுக்குள் இருக்க, அவள் பிளாஸ்ரிக் பையில் உட்கார்ந்து, பிறந்து சில மாதமேயான உன்னை மடியில் வைத்துக்கொண்டு பின்பக்க மேட்டிலிருந்து சறுக்கி வருவாள். நான் யன்னலைத் திறந்து கத்துவேன். அவள் கீழே நின்று கையசைப்பாள். எனக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் சத்தமென்று இருந்தது, கீழ்த்தட்டிலிருந்து ஏறி வந்த அவளுடைய சிரிப்புத்தான்.

நீ நல்ல அமைதியான பிள்ளை என்று எல்லோரும் புகழ்ந்தோம். சலவை மெஷின் கடைசிச் சுற்றில் அதிர்ந்து கத்தும்போதும், அதன்மேல் வைத்த கூடைக்குள் நீ நித்திரை கொள்வாய். ஒருநாள் என் கையிலிருந்து சருவச்சட்டி நழுவிச் சீமெந்துத் தரையில் விழுந்தது. நானும் சுகந்தியும் துள்ளினோம். முழித்திருந்த நீ விட்டத்தில் இருந்த விளக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். சுகந்தி என்னைப் பார்த்தாள். சட்டியை எடுத்து, உன் தலைக்குப் பின்னால் இன்னொரு தரம் போட்டாள். பிறகு இன்னொரு தரம். நான் அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தவேண்டி வந்தது.

உனக்குக் காது கேட்காது என்று ஆஸ்பத்திரியில் உறுதியாகச் சொன்ன கொஞ்சக் காலத்தில், அவளுடைய கணவர் கனடாவில் வேலை பார்க்கப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டார். போனவர் போனவர்தான். அவரைப் பற்றி எனக்கு அதற்கு மேல் தெரியாது, தெரியாததை எழுத மாட்டேன். சுகந்தி வீடுகள் துப்புரவாக்கும் வேலைக்குப் போனாள். உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் கேட்டல் பயிற்சிக்கும் அலைந்தாள். காதுக்குள் கேட்கும் கருவி வைக்கிற சத்திரசிகிச்சை முடிந்து, காயம் ஆறி, அந்தக் கருவியை முதன்முதலாக இயக்குகிற நாளில் என்னையும் கூட்டிப்போனாள். உனக்கு அது நினைவிருக்க வழியில்லை. அங்கிருந்த பெண் கணினியில் எதையோ தட்டிவிட்டு, "இப்போ கூப்பிடுங்கள்" என்றாள். சுகந்தி உன் பெயரைச் சொன்னாள். நீ விளையாட்டுக் கட்டையைப் போட்டுவிட்டு, நெருப்பில் கை வைத்த மாதிரி வீரிட்டு அழுதாய். நீ வாழ்க்கையில் கேட்ட முதல் சத்தம் அவளுடைய குரல். அவளும் அழுதாள், சிரித்தாள், உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "பாருங்கோ அக்கா, நான் கத்தினா அவளுக்கு நோகுது, அவளுக்கு நோகுது!" என்று சந்தோஷத்தில் கத்தினாள்.

அதே காலத்தில்தான் களவும் நடந்தது. அவளுடைய தம்பி வெளிநாடு போகவென்று புறப்பட்டு, பாங்கொக்கில் ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவனிடம் மாட்டுப்பட்டிருந்தான். காசு வராவிட்டால் விட மாட்டேன் என்று அவன் தம்பியையே போனில் அழ வைத்தானாம். சுகந்தி துப்புரவாக்கிய வீடுகளில் ஒன்று ஒஸ்லோவின் மேற்குப் பக்கத்தில், பெரித் என்ற வயதான அம்மாவின் வீடு. வீட்டுத் திறப்பையே, சாவியையே, இவளிடம் கொடுத்து வைத்திருந்தவர். அவருடைய அலுமாரிக்குள் ஒரு பெட்டியில் நோர்வே மக்கள் தேசிய உடைக்குக் குத்துகிற வெள்ளி ஊசிகள் இருந்தன, ஸோல்யே என்பார்களே, அது. வருடம் முழுக்கப் பெட்டிக்குள் கிடக்கும் வெள்ளியைத் தேட மாட்டார்கள் என்று நினைத்து எடுத்து விற்றாள். தம்பியை விட்டார்கள், ஆனால் அவன் எங்கும் போகாமல் வன்னிக்கே திரும்பினான். களவு அதோடு நிற்கவில்லை. வேறு வீடுகளிலும் சங்கிலி, மோதிரம், கைக்கடிகாரம் என்று எடுத்தாள். நோர்வேயின் தேசிய நாளான மே பதினேழாம் திகதி வந்தது. பெரித் அம்மா உடுத்து வெளிக்கிட்டுப் பெட்டியைத் திறந்தார்.

இந்த இடத்தில் உனக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். அவளுடைய களவை அழகாக்கிச் சொல்ல எனக்கு ஆசையிருக்கிறது. தம்பியைக் காப்பாற்ற எடுத்தாள் என்று அங்கேயே நிறுத்திவிடலாம். அவளே அப்படி நிறுத்தவில்லை. நீதிமன்றத்தில் அவளுடைய சட்டத்தரணி அந்தக் கதையைச் சொல்லி முடித்ததும், நீதிபதி அவளைப் பார்த்து ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். அவள் எழுந்து, தன் உடைந்த நோர்வேஜியனில் சொன்னதை நான் பின்வரிசை வாங்கில் இருந்து கேட்டேன். முதல் தரம் தேவைக்கு எடுத்தேன், மற்றத் தரங்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது, சுகமாக இருந்தது, எடுத்தேன் என்றாள். பெரித் அம்மா சாட்சி சொன்னார். வெள்ளியின் விலையைப் பற்றி அவர் கதைக்கவே இல்லை. அது என் அம்மா தன் கலியாணத்துக்குக் குத்தியது, இவளுக்கு நான் என் வீட்டுத் திறப்பைக் கொடுத்தேன் என்று மட்டும் சொன்னார். சுகந்தியை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார். அவர் மன்னித்தார் என்று எழுத எனக்கு விருப்பம். ஆனால் அவர் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

வழக்குக்கு முதல், அவளைப் பிடிக்கப் பொலிஸ் வந்தது ஒரு காலை. எங்கள் கதவு மணி அடித்தது, திறந்தேன். சுகந்தி உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் படிக்கட்டில் இரண்டு பொலிஸ்காரர். "அக்கா, பிள்ளையை ஒருக்காப் பிடியுங்கோ" என்றாள். நான் கையை நீட்டினேன். நீ என் தோளில் பால் மணக்க வாய் துடைத்தாய். அந்த 'ஒருக்கா' இன்னும் முடியவில்லை, மகள்.

இடையில் வீட்டுக்கு வந்து வழக்குக்குக் காத்திருந்தாள், தீர்ப்புக்குப் பிறகு உள்ளே போனாள். பெண்கள் சிறை எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம்தான். குழந்தைகள் நலக் காரியாலயத்திலிருந்து வந்து எங்கள் வீட்டைப் பார்த்தார்கள், எங்களைக் கேள்வி கேட்டார்கள், நீ எங்களோடு இருக்கலாம் என்றார்கள். நான் உன்னைக் கூட்டிக்கொண்டு அவளைப் பார்க்கப் போவேன். சந்திப்பு அறையில் ஒரு சோபா, ஒரு பெட்டி நிறைய விளையாட்டுச் சாமான். மற்றத் தாய்மார் பிள்ளைகளைக் கொஞ்சுவார்கள். சுகந்தி கொஞ்சுவதற்கு முதல் பயிற்சியைத் தொடங்குவாள். வாயைப் பார்த்துப் பழகினால் காது சோம்பேறியாகிவிடும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். அதனால் அவள் ஒரு படப்புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு, "பந்து எங்கை?" என்பாள். நீ பந்தை எடுக்க வேண்டும். "பூனை எங்கை?" நீ பூனையை எடுக்க வேண்டும். பிழைத்தால் திரும்பவும் தொடங்குவாள். காவலுக்கு நிற்கிற பெண்கூட நீ சரியாக எடுத்தால் தன்னையறியாமல் தலையாட்டுவாள். ஒருநாள் புத்தகத்துக்குப் பின்னாலிருந்து சுகந்தி கேட்டாள்: "ஆர் என்ரை பிள்ளை?" அந்தக் கேள்வி பயிற்சியில் இல்லாதது. நீ பெட்டியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், பிறகு உன் நெஞ்சில் தட்டி, "நா" என்றாய். அவள் புத்தகத்தைக் கனநேரம் முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.

தண்டனை முடிந்தால் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அவளை நாட்டிலிருந்து அனுப்புவது என்ற முடிவு வந்தது. மேன்முறையீடு செய்தும் சரிவரவில்லை. நீ இங்கே பிறந்து இந்த நாட்டுப் பிரசையாக இருந்தாய். தாயோடு போகலாம், அல்லது எங்களோடு இருக்கலாம், முடிவு அவளுடையது என்று சட்டத்தரணி சொன்னார். இலங்கையில் அப்போது சண்டை திரும்பவும் மூண்டிருந்தது. சுகந்தி உன்னைக் கூட்டிப்போகத்தான் நினைத்தாள். எந்தத் தாய் நினைக்கமாட்டாள்? உனக்குக் குளிருக்குப் போட்ட உடுப்புகளை யாருக்காவது கொடுக்கச் சொன்னாள். ஆனால் ஒரு விஷயத்தை ஆஸ்பத்திரியில் விசாரித்துவரும்படி அப்பாவைக் கேட்டாள். அப்பா பஸ் ஓட்டி முடிந்த கையோடு, வேலை உடுப்போடேயே போய் விசாரித்து வந்தார். அடுத்த முறை போனபோது நான்தான் அவளுக்குச் சொன்னேன்.

"கருவியைக் கொழும்பிலை ஒருவேளை பாக்கலாமாம். வடக்கிலை ஏலாதாம். கருவி பழுதாப்போனா திருத்த ஆளில்லை, பற்றறியும் கிடைக்காது."

"அப்ப அங்கை கொண்டுபோனா அவளுக்குத் திரும்பவும் ஒண்டும் கேக்காது?"

"ஓம்."

"என்ரை சத்தமும் கேக்காது?"

"ஓம், சுகந்தி."

அவள் உன்னைப் பார்த்தாள். நீ ஒரு மரக் கட்டையை இன்னொன்றோடு தட்டி, சத்தம் வருகிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்டு, திரும்பவும் தட்டினாய். இன்றைக்கு நீ தச்சுவேலை செய்கிற இடத்தில், வாள் ஓடும்போது மற்றவர்கள் காதுக்கு மூடி போட நீ உன் கருவியை நிறுத்திவிட்டுச் சிரிப்பாயாமே, உன் முதலாளி எனக்குச் சொன்னார். அன்றைக்கு உனக்குச் சத்தம் புதுசு, அதை நிறுத்த உனக்கு மனமே வராது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சுகந்தி சொன்னாள்: "அப்ப நான் அவளைக் கூட்டிக்கொண்டு போறதிலை என்ன இருக்கு, அக்கா? அவள் இஞ்சை இருக்கட்டும். கேக்கட்டும்."

கடைசிச் சந்திப்பில் அவள் உனக்கு நகம் வெட்டினாள். தலையில் கருவியின் காந்தம் ஒட்டுகிற இடத்தைச் சுற்றி மயிரைக் கவனமாக இழுத்துப் பின்னினாள். புதுப் பற்றறி போட்டாள். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அவளுக்குத் தமிழ் சொல்லிக் குடுங்கோ. ஆர் வேண்டாம் எண்டாலும் குடுங்கோ. ஒருநாள் நான் கதைச்சா அவளுக்கு விளங்கவேணும்." உனக்குப் பசி, சிணுங்கினாய். நேரம் முடிந்தது. நீ என் கையை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடினாய், திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற சுகந்தி, "திரும்பிப் பாக்கேல்லை எண்டு அவளுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ, பிறகு அதுக்கு அழுவாள்" என்றாள். இன்று சொல்லிவிட்டேன். நீ இப்போது பெரிய பிள்ளை. குழந்தைகள் பசித்தால் திரும்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

விமானத்தில் அவளுக்கு இரண்டு பக்கமும் சாதாரண உடுப்பில் பொலிஸ், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். பிறகு இதைச் சொல்லும்போது, "பாக்கிற சனம் நாங்கள் மூண்டு பேரும் சுற்றுலாப் போறம் எண்டு நினைச்சிருக்கும்" என்று சிரித்தாள். அந்தப் பொலிஸ் பெண் நல்ல மனுசியாம். தனக்கு வந்த சொக்கிலேற்றை இவளுடைய தட்டில் வைத்துவிட்டு, பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கதை கேட்டிருக்கிறாள். "நான் இல்லை எண்டு சொன்னனான் அக்கா. ஓம் எண்டு சொல்லியிருந்தா, பிளேனுக்குள்ளை எழும்பி நிண்டு கத்தியிருப்பன்." கொழும்பில் இறங்கியதும் அங்கிருந்த அதிகாரிகள் அவளை நாள் முழுக்க இருத்தி வைத்துக் கேள்வி கேட்டார்கள். விட்டதும் அவள் தாயும் தம்பியும் இருந்த வன்னிக்குப் போனாள். சில மாதங்கள் போன் வந்தது. சண்டையில் வன்னிக்கான பாதை பூட்டப்பட்டதோடு அதுவும் நின்றது.

அந்தக் காலத்தில் நான் கோயிலுக்குப் போனால் அவளுடைய பெயருக்கு அர்ச்சனை செய்விப்பேன். ஐயர் நட்சத்திரம் கேட்பார், எனக்குத் தெரியாது. "பேர் மட்டும் சொல்லுங்கோ ஐயா, கடவுளுக்குத் தெரியும்" என்பேன். வீட்டில் நாங்கள் உனக்குத் தமிழ் பழக்கினோம். இரண்டு மொழி உன்னைக் குழப்பும், ஒன்றே போதும் என்று சிலர் அக்கறையோடுதான் சொன்னார்கள். அப்பா, "வீட்டுக்குள்ளை தமிழ், வெளியிலை நோர்வேஜியன், என்ரை பிள்ளை ரெண்டையும் பிடிப்பாள்" என்று முடித்துவிட்டார். நீ என் தொண்டையில் விரலை வைத்து 'ழ'வைப் பிடித்தாய். 'பழம்' என்று உனக்கு முதல்முறை சரியாக வந்த நாள், அப்பா நீ கேட்ட எல்லாவற்றையும் வாங்கிக் கொடுத்தார், பழத்தைத் தவிர. ஒருமுறை கோயில் மண்டபத்தில் ஒரு மனுசி, "இது அந்தக் கள்ளியின்ரை பிள்ளையெல்லோ?" என்று உனக்குக் கேட்காது என்ற நினைப்பில் சத்தமாகவே கேட்டாள். நீ திரும்பி, "எனக்குக் கேக்குது அன்ரி" என்றாய். அன்றைக்கு நான் பட்ட பெருமையும் வலியும் இன்றும் ஒன்றிலிருந்து ஒன்று பிரியவில்லை.

சண்டை முடிந்த பிறகு ஒரு மத்தியானம், நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் ஒரு தாத்தாவுக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. தெரியாத இலக்கம். "அக்கா, நான் சுகந்தி." கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, போனோடு நடைபாதைக்கு வந்தேன். வவுனியாவுக்குப் பக்கத்தில் ஒரு முகாமிலிருந்து யாரோ ஒருவருடைய போனில் கதைத்தாள். தாய் இல்லை, தம்பி இல்லை. அதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, உடனே கேட்டாள்:

"பிள்ளை கதைக்கிறாளோ?"

"கதைக்கிறாளோவோ? வாய் மூடுறாளில்லை."

"தமிழோ?"

"தமிழும்தான்."

  எனக்கோ, மகள், அவள் உயிரோடு இருக்கிறாள் என்ற சந்தோஷத்துக்குள்ளேயே, உன்னைக் கேட்டுவிடுவாளோ என்ற பயமும் இருந்தது. கேட்டால் கொடுக்க வேண்டியது நியாயம். அவள் முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு நானே சொன்னேன்: "இப்ப பாதை திறந்திருக்கு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறன், உன்னட்டை இருக்கட்டும்." அவள், "வேண்டாம்" என்றாள். "நான் இருக்கிறது தகரக் கொட்டில். அவள் உங்களை அம்மா எண்டு கூப்பிடுறாள். ஒரு பிள்ளையை எத்தினை தரம் பிடுங்கிறது?" இந்த வீட்டில் நீ எங்களோடு தங்கியது எங்கள் அதிர்ஷ்டம் என்று நீ நினைத்திருக்கலாம். அவள் இரண்டு முறை முடிவெடுத்ததால் தங்கினாய்.

பிறகு அவள் வவுனியாவில் காது கேளாத பிள்ளைகளின் விடுதி ஒன்றில் வேலை கேட்டுப் போனாள். பொறுப்பாக இருந்தவர் ஒரு கன்னியாஸ்திரி. "சிஸ்டர், நான் நோர்வேயிலை களவெடுத்து மறியலிலை இருந்தனான். பிறகு ஆரும் வந்து சொல்லி நீங்கள் அறியிறதிலும் பாக்க நானே சொல்லுறன்" என்றாளாம். சிஸ்டர் யோசித்துவிட்டு, "கூட்டத் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். கூட்டுவதில் தொடங்கினாள். சமைத்தாள். பிறகு பின்னேரங்களில் சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளையாட்டுக் காட்டி, கையால் கதைக்கப் பழகி, இப்போது சிஸ்டரைவிட வேகமாகக் கைப்பாஷை பேசுகிறாளாம். சாமான் அறைத் திறப்பைச் சிஸ்டர் அவளிடம் கொடுக்கப் போனபோது, "சிஸ்டர், அது மட்டும் வேண்டாம்" என்று பின்னால் போய்விட்டாள். இன்றுவரை வாங்கவில்லை. சிஸ்டர் நம்பிவிட்டார். அவள்தான் தன்னை இன்னும் நம்பவில்லை. நீ போய் நிற்கும்போது அதையும் பார்ப்பாய். உன் முன்னால் அவள் கை தடுமாறினால், அது குற்றம் மறைக்கிறவளின் தடுமாற்றம் அல்ல, மறக்காதவளின் தடுமாற்றம்.

போனில் அவளுடைய குரல் உனக்கு வெறும் இரைச்சலாக இருந்தது. "சத்தம் மட்டும்தான் வருது அம்மா" என்று போனை என்னிடம் நீட்டிவிடுவாய். "பரவாயில்லை அக்கா, அவள் மூச்சு விடுறது எனக்குக் கேக்குது" என்பாள் அவள். பிறகு முகம் பார்த்துக் கதைக்கிற வசதி வந்தது, ஆனால் உனக்கு வயதும் வந்துவிட்டது. "அவ என்னை விட்டிட்டுப் போனவ. நான் கதைக்க மாட்டன்" என்று திரைக்கு முன்னாலேயே சொல்லிவிட்டு எழும்பிப் போனாய். நான் வெட்கப்பட்டு ஏதோ சமாதானம் சொல்ல வெளிக்கிட்டேன். அவள் தடுத்தாள். "கோவிக்கட்டும் அக்கா. கோவிக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும்தானே." சொல்லிவிட்டு, "வடிவாச் சொன்னவள், ஒரு எழுத்தும் பிசகேல்லை" என்றாள். உன் கோபத்தைவிட அவளுக்கு அதிகம் கேட்டது உன் உச்சரிப்புத்தான்.

அவள் களவெடுக்காமல் இருந்திருந்தால் நான் உனக்கு வெறும் மேல்வீட்டு அன்ரியாக இருந்திருப்பேன். சலவை அறையில் கண்டு சிரித்திருப்போம். உன் பள்ளிக்கூடத்து முதல் நாள், நீ பல்லுக்குக் கம்பி கட்டின நாள், நீயே செய்த முதல் கதிரையில் என்னை இருத்தி அது உடைந்து நான் விழுந்த நாள், எதுவும் எனக்குக் கிடைத்திராது. இதை நான் யாரிடம் சொல்லி ஆறுவது? என் சந்தோஷம் முழுவதும் அவளுக்குக் கிடைத்த தண்டனையிலிருந்து வந்தது. அவளிடம் ஒருமுறை இதைச் சொல்லியும் விட்டேன். அவள் ஏசினாள். "விசர்க் கதை கதையாதையுங்கோ. நான் தந்தது, நீங்கள் எடுத்ததில்லை" என்றாள். கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரிகிற அளவுக்கு எனக்குத் தெரியாது.

அங்கே போய் அவசரப்பட்டு மன்னிக்காதே. அவசரப்பட்டுத் தீர்ப்பும் சொல்லாதே. கேட்க வேண்டியதைக் கேள், அவள் பொய் சொல்ல மாட்டாள். விமானத்தில் சொன்ன அந்த ஒன்றைத் தவிர, அந்தப் பழக்கத்தை நீதிமன்றத்திலேயே விட்டுவிட்டாள். சாப்பாட்டை மட்டும் கேட்டுக் கேட்டுப் போடுவாள், போதும் என்றால் போதும் என்று சொல். உனக்குக் கட்டிப்பிடிக்க மனம் வராவிட்டால் பிடிக்காதே. கதை வராவிட்டால் அவளோடு சேர்ந்து வெங்காயம் உரி. அவளுடைய வீட்டுக் கதவு சரியாகப் பூட்டுப்படாதாம், உன் கைக்கு அதுவும் ஒரு வேலை.

நேற்று அவளுக்குப் போன் எடுத்து நீ வருகிறாய் என்று சொன்னேன். வெகுநேரம் விமான நேரத்தையே திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னை என்னெண்டு கூப்பிடுவாள் அக்கா? அன்ரி எண்டு கூப்பிட்டாலும் எனக்குக் காரியமில்லை" என்றாள். அது உன் விருப்பம் என்றேன். ஆனால் உனக்கு ஒன்று சொல்கிறேன்: உன் வாயில் அம்மா என்று வந்தால், என்னை நினைத்து அதை விழுங்காதே. எனக்கு அது குறைந்துபோகாது.

பிள்ளைகள் விமானம் ஏறும்போது, இறங்கினவுடனே போன் எடு என்று எல்லாத் தாய்மாரும் சொல்வார்கள். நான் சொல்லப்போவதில்லை. இறங்கினவுடனே அவளைப் பார். அவளோடு சாப்பிடு, அவள் வீட்டில் படுத்து எழும்பு. எனக்குப் போன் எடுப்பது பிறகு ஆகட்டும்.

அம்மா